ராக் குழுவில் போட்ட பாட்டு யார் பேரில் போகும்?

எங்கள் குழுவின் முதல் பாட்டை இணையத்தில் ஏற்றிய இரவு, படிவத்தை நிரப்பியவன் நான்தான். பாட்டின் பெயர், மொழி, வகை எல்லாம் போட்டுக்கொண்டே வந்தால் ‘இசையமைப்பாளர்’ என்று ஒரு பெட்டி. மணி இரண்டு. மற்ற மூன்று பேரும் தூங்கியிருந்தார்கள். மெட்டு போட்ட பாடகரின் பெயரையும், கார்ட்ஸ் (மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போட்ட என் பெயரையும் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் வாயால் வாசித்துக் காட்டுவது ஆரம்பத்தில் வரும் பேஸ் கிட்டார் வரியைத்தான். அதைப் போட்டவர் பெயர் அந்தப் பெட்டியில் இல்லை. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து வேலை அதிகம் என்று சொல்லி விலகிக்கொண்டார். உண்மையான காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பெட்டியை நிரப்புவதற்கு முன்னால் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும் என்பதை, புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு பேச ஏற்ற நாள், பாட்டு முடிந்த அதே நாள். அன்றைக்கு அந்தப் பாட்டுக்குப் பத்து பைசா மதிப்பு கிடையாது. அதனால்தான் அன்றைக்கு எல்லாராலும் நியாயமாகப் பேச முடியும்.

முதல் படி: பாட்டையும் பதிவையும் பிரித்துப் பாருங்கள்

நாம் ‘பாட்டு’ என்று ஒரே சொல்லில் சொல்வது சட்டத்தின் கண்ணில் மூன்று சொத்து. வரிகள் ஒன்று, இசை ஒன்று, இரண்டையும் சேர்த்து ஸ்டுடியோவில் எடுத்த ஒலிப்பதிவு ஒன்று. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் வரிகளை இலக்கியப் படைப்பாகவே எண்ணுகிறது. இசைப் படைப்பு என்பதில் பாடும் சொற்கள் சேராது என்று தெளிவாகவே சொல்கிறது. (பத்திரிகைகள் இதைக் ‘காப்புரிமை’ என்றும் எழுதுகின்றன. பேட்டன்ட்டுக்கும் அதே சொல் புழங்குவதால் பதிப்புரிமை என்றே வைத்துக்கொள்வோம்.)

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? உங்கள் பாட்டை நாளை வேறொரு குழு தன் குரலில் பாடி வெளியிட்டால், உங்கள் ஒலிப்பதிவுக்கு அதில் ஒன்றும் வராது. ஆனால் வரிகள் எழுதியவருக்கும் இசை போட்டவருக்கும் வரும். குயீன் குழுவின் 1975 ஆண்டு இசைத்தட்டு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒரு பக்கத்தில் ஃப்ரெடி மெர்க்குரி எழுதிய ‘பொஹீமியன் ராப்சடி’. மறுபக்கத்தில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் எழுதிய கார் பற்றிய பாட்டு. தட்டு விற்றதெல்லாம் முதல் பக்கத்துக்காகத்தான். ஆனால் தட்டு விற்பனையில் பாட்டெழுதியவருக்குப் போகும் தொகை இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். அந்த மறுபக்கத்தில் யார் பாட்டு வருவது என்பது அந்தக் குழுவுக்குள் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிவு, கச்சேரி வருமானம் வேறு கணக்கு. தி ஸ்மித்ஸ் குழுவின் டிரம்மர் மைக் ஜாய்ஸ், பாட்டுகளை எழுதியதாக உரிமை கோரவில்லை. அவை பாடகர் மாரிசி, கிட்டார் வாசித்த ஜானி மார் இருவருடையவை என்பதில் சண்டையே இல்லை. கச்சேரி, ஒலிப்பதிவு வருமானத்தில் தனக்குப் பத்து சதவீதம்தான் வந்தது, நான்கில் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார். 1996-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 25 சதவீதம் கொடுத்தது. எழுதிய ஒப்பந்தம் இல்லை. வேறு ஏற்பாடு இருந்ததாக நிரூபிக்கப்படாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்பது அந்நாட்டின் 1890 கூட்டாண்மைச் சட்டம். இந்தியாவின் 1932 கூட்டாண்மைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

அதாவது, எதுவும் எழுதிவைக்காத ஒரு குழுவில் பொதுவாக ஈட்டும் பணம் எல்லாருக்கும் சமம் என்று ஆகக்கூடும். பாட்டோ அதைப் படைத்தவர்களுக்கு மட்டும்தான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: எது இசையமைப்பு, எது வாசிப்பு என்று பழகிக்கொள்ளுங்கள்

எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1967-இல் இங்கிலாந்தில் புரோகால் ஹாரம் என்ற புதிய குழு ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ என்ற பாட்டை வெளியிட்டது. இசை கேரி புரூக்கர், வரிகள் கீத் ரீட் என்று பெயர் போட்டார்கள். இருவரும் சேர்ந்து பாட்டை முடித்த பிறகுதான் ஹேமண்ட் ஆர்கன் வாசிக்க மேத்யூ ஃபிஷர் குழுவுக்கு வருகிறார். ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசைச் சாயலில் அவர் ஆர்கனில் வாசித்த எட்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு பகுதிதான் பாட்டைத் திறந்துவைக்கிறது. சரணங்களுக்கு நடுவிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பாட்டைக் கேட்டவர் யாரையாவது முனகிக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் அந்த ஆர்கனைத்தான் முனகுவார்.

ஃபிஷர் 1969-இல் குழுவை விட்டுப் போனார். வழக்குப் போட்டது 2005-இல். பாட்டு வெளிவந்து 38 வருடம் கழித்து! 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரும் இசையமைப்பாளர்தான் என்று ஏற்று, இசையில் 40 சதவீதம் கொடுத்தது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘பெயர் உண்டு, ஆனால் இத்தனை தாமதமாக வந்ததால் பணம் கிடையாது’ என்றது. 2009 ஜூலையில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றி, பங்கையும் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் பணம் வழக்குத் தொடுத்த காலத்திலிருந்துதான். அதற்கு முந்தைய 38 வருஷப் பணம் போனது போனதுதான்.

இப்போது எதிர்ப்பக்கம். ஸ்பாண்டவ் பாலே குழுவில் பாட்டுகள் எல்லாம் கிட்டார் வாசித்த கேரி கெம்ப் பேரில். பாடகர் டோனி ஹாட்லி, சாக்ஸபோன் வாசித்த ஸ்டீவ் நார்மன், டிரம்ஸ் ஜான் கீபிள் மூவரும் தங்களுக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 1999-இல் தோற்றார்கள். கெம்ப் வீட்டிலேயே பாட்டை முழுதாக முடித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் பாடிக் காட்டுவார், மற்றவர்கள் செய்தது நல்ல வாசிப்பு, இசையமைப்பு அல்ல என்பது தீர்ப்பு. ‘ட்ரூ’ பாட்டில் வரும் அந்த சாக்ஸபோன் தனி வாசிப்புகூட நார்மனுக்கு இசையமைப்பாளர் என்ற தகுதியைத் தரவில்லை.

ஆர்கன் ஜெயித்தது, சாக்ஸபோன் தோற்றது. ஏன்? என் வாசிப்பில் வித்தியாசம் இதுதான். ஃபிஷரின் பகுதி பாட்டோடு பின்னிப்போய்விட்டது. அது திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கென்று ஒரு மெட்டு இருக்கிறது, யார் வாசித்தாலும் அந்தப் பகுதியை வாசித்தே ஆகவேண்டும். சாக்ஸபோனோ முடிந்த பாட்டின் நடுவில் விடப்பட்ட இடத்தில் ஒரு முறை வந்து போகிறது. புளூபெல்ஸ் குழுவின் ‘யங் அட் ஹார்ட்’ பாட்டில் வயலின் வாசித்தவர் குழுவில் இருந்தவர்கூட இல்லை, கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர். அந்த வயலின் துணுக்கு பாட்டின் அடையாளமாகிவிட்டது. 1993-இல் ஒரு கார் விளம்பரத்தால் பாட்டு மறுபடி பிரபலமான பிறகு அவர் நீதிமன்றம் போனார், ஜெயித்தார்.

இவை பிரிட்டன் தீர்ப்புகள். நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதவை. இந்தியச் சட்டத்தில் கூட்டுப் படைப்பு என்றால், பலர் சேர்ந்து செய்ததில் ஒருவருடைய பங்களிப்பை இன்னொருவருடையதிலிருந்து தனியாகப் பிரிக்க முடியாதபடி இருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இசையமைப்பாளர் என்று ஆக ஸ்வரம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் போட்டவர் போட்டவரே என்று சட்டமே சொல்கிறது. ‘சோகமா ஒண்ணு பண்ணலாம்’, ‘இங்க கொஞ்சம் வேகம் கூட்டலாம்’ என்பவை யோசனைகள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது.

ஒத்திகை அறையில் நாங்கள் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. நீ கைவைப்பதற்கு முன்னால் பாட்டு முடிந்திருந்ததா? நீ போட்டதை யாராவது இப்படி வாசி என்று சொல்லித்தந்தார்களா, நீயே கண்டுபிடித்தாயா? நீ இல்லாமல் வேறொருவர் இந்தப் பாட்டை வாசித்தால், நீ போட்டதை அப்படியே வாசித்தாக வேண்டுமா, அல்லது தன் இஷ்டத்துக்கு வாசிக்கலாமா? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடை சொல்லிவிடுகிறது.

சில பாட்டில் விடை கிடைக்காது. போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ பாட்டை (1983) எழுதியவர் என்று ஸ்டிங் பெயர் மட்டும்தான். அதில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தக் கிட்டார் துணுக்கைக் கண்டுபிடித்தவர் ஆண்டி சம்மர்ஸ். 1997-இல் ஒரு ராப் பாட்டு அந்தக் கிட்டாரை அப்படியே எடுத்து உலகம் முழுக்க ஓடியது. பாட்டெழுதியவருக்கான பணம் ஸ்டிங்குக்குத்தான் போனது. இது சரியா என்று இசைக்காரர்கள் இன்றும் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சம்மர்ஸ் பக்கம்தான் சாய்வேன். ஆனால் என் சாய்வுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் அடுத்த படி தேவைப்படுகிறது.

மூன்றாம் படி: பங்கு பிரிக்கும் முறையைக் குழுவாகத் தேர்ந்தெடுங்கள்

சட்டம் கொடுப்பதைவிடக் கூடுதலாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. பல குழுக்கள் அப்படித்தான் நீடித்திருக்கின்றன. ஆர்.இ.எம். குழுவில் யார் எழுதினாலும் நான்கு பேர் பெயரும் சமமாகப் போகும். குயீனும் 1989-இல் வந்த ‘தி மிராக்கிள்’ ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டையும் குழுவின் பேரில் போட ஆரம்பித்தது. அதற்கப்புறம் எந்தப் பாட்டு ஆல்பத்தில் வரவேண்டும் என்று முடிவெடுக்கும்போது, ‘இது நல்ல பாட்டா’ என்ற ஒரு கேள்விதான் மிஞ்சும். ‘இது யார் பாட்டு’ என்ற கேள்வி போய்விடும்.

சம பங்கில் வரும் கஷ்டமும் உண்மைதான். ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வருவார், இன்னொருவர் ஒத்திகைக்கே தாமதமாக வருவார், பங்கு ஒன்றுதான். முதல் ஆல்பத்தில் தெரியாது. மூன்றாவதில் வெடிக்கும்.

இன்னொரு முறை, இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்வது. பீட்டில்ஸ் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் இருவர் பெயரும் சேர்ந்தே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். மெக்கார்ட்னி தனியாகவே எழுதிய ‘யெஸ்டர்டே’ பாட்டின் பதிவில் மற்ற மூன்று பீட்டில்ஸ் யாரும் வாசிக்கவில்லை, ஆனாலும் பெயர் லெனன் முன்னால், மெக்கார்ட்னி பின்னால். அந்த வரிசை அவருக்கு வயதான பிறகும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. 2002-இல் வந்த ஒரு மேடைப் பதிவில் அவர் பெயரை முன்னால் மாற்றிப் போட்டபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. பங்கு மட்டும் போதாது, பெயரின் வரிசையையும் பேசிக்கொள்ளுங்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். அகரவரிசை என்று வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

புதிய குழுவுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு கலப்பு முறை. வரிகளுக்கு 50, மெட்டுக்கும் கார்ட்ஸுக்கும் 30, மீதி 20 ஒத்திகை அறையில் இருந்த எல்லாருக்கும் பொது. நான்கு பேர் குழு என்று வைத்துக்கொள்வோம். பாடகர் வரிகளை எழுதினார், மெட்டில் பாதியும் அவருடையது, மறுபாதி கிட்டார்காரருடையது. பாடகருக்கு 50, 15, 5 சேர்ந்து 70. கிட்டாருக்கு 15, 5 சேர்ந்து 20. பேஸுக்கும் டிரம்ஸுக்கும் ஐந்தைந்து. ஒரு பாட்டில் பேஸ் வரியிலிருந்துதான் மெட்டே பிறந்தது என்றால் அந்த 30-ஐ மூன்றாகப் பிரியுங்கள். எண்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். பொதுப் பங்கு என்று ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிரம்மருக்குச் சட்டம் அநேகமாக எதுவும் தராது. ஆனால் ஒரு பாட்டு எந்த வேகத்தில் மூச்சுவிட வேண்டும் என்று பல நேரம் அவர்தான் முடிவு செய்கிறார்.

நான்காம் படி: அன்றைக்கே தாளில் எழுதுங்கள்

இதற்குப் பங்குத்தாள் என்று பெயர், இசை வட்டாரத்தில் ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். வக்கீல் வேண்டாம், ஒரு ஏ4 தாள் போதும். எங்களுடையது இப்படி இருக்கும். மேலே பாட்டின் பெயர், தற்காலிகப் பெயர் இருந்தால் அதுவும். தேதி, இடம். அன்றைய டெமோ கோப்பின் பெயர். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயர், மேடைப் பெயர், என்ன செய்தார், வரிகளில் எத்தனை சதவீதம், இசையில் எத்தனை சதவீதம். கூட்டினால் நூறு வர வேண்டும். கீழே, அறையில் இருந்து வாசித்தாலும் படைப்பில் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் பெயர். எல்லாரும் கையெழுத்து. போனில் படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, தாளை ஒரு கோப்பில் வைக்க வேண்டும்.

‘எதுக்குடா இதெல்லாம், நமக்குள்ள என்ன’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஸ்பாண்டவ் பாலே வழக்கிலும் வருமானத்தைப் பகிர்ந்துகொள்வதாக வாய்ப்பேச்சு இருந்தது என்றுதான் மூவரும் வாதாடினார்கள், எடுபடவில்லை. தவிர, படைப்பில் கைவைக்காத ஒருவருக்கு நட்புக்காகப் பங்கு கொடுக்கிறீர்கள் என்றால் சட்டப்படி அது உரிமை மாற்றம். இந்தியாவில் அது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்று ஒரு வரி சேருங்கள். அந்தக் காலம் எத்தனை என்றால், இந்தியாவில் படைத்தவர் இறந்த பிறகும் 60 வருஷம். கூட்டுப் படைப்பில் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. உங்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகிற தாள் அது.

ஐந்தாம் படி: பாட்டு பிறந்த தடயத்தை அழிக்காதீர்கள்

போனில் முனகிப் பதிந்த துண்டுகள், ‘புதுசு 3 கடைசி கடைசி’ என்று பெயர் வைத்த கோப்புகள், வரிகள் அடித்துத் திருத்திய நோட்டு, எல்லாவற்றையும் வையுங்கள். அசல் தேதி மாறாமல் ஒரு பிரதியை இணையச் சேமிப்பில் போடுங்கள். ஒத்திகையின்போது ஒரு போன் ஓரமாகப் பதிவாகிக்கொண்டே இருக்கட்டும். சண்டை வந்தால் நினைவை நம்ப முடியாது. எல்லாருடைய நினைவிலும் அவரவர்தான் பாட்டைப் போட்டிருப்பார். தனக்குத்தானே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் உரிமை கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதில் காசைச் செலவழிக்காதீர்கள்.

ஆறாம் படி: வெளியாட்களிடம் வாசிப்பதற்கு முன்பே பேசுங்கள்

பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பத்தில் சொல்லே இல்லாமல் குரலால் மட்டும் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கொடுத்த கூலி 30 பவுண்டு. அந்த மெட்டு முழுக்க அவர் அங்கேயே நின்று கண்டுபிடித்தது. 2004-இல் வழக்குப் போட்டார். 2005-இல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் இசையமைப்பில் அவர் பெயரும் இருக்கிறது. நீங்கள் கூப்பிடும் நாதஸ்வரக்காரர், பறை வாசிப்பவர், சாரங்கிக்காரர் எல்லாருக்கும் இது பொருந்தும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கப் போகிறாரா, அல்லது ‘அண்ணா, இங்க ஏதாவது போடுங்க’ என்று அவரிடம் விடப் போகிறீர்களா? இரண்டாவது என்றால் கூலி வேறு, பங்கு வேறு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் இந்த மாதிரிக் கலைஞர்கள் போட்டுக் கொடுத்த எத்தனையோ துணுக்குகள் பேரில்லாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய குழுக்களாவது அதைத் தொடர வேண்டாம்.

பழைய பாட்டை எடுத்தாலும் கவனம். தி அனிமல்ஸ் குழு 1964-இல் ஒரு நாட்டார் பாடலை ஐந்து பேரும் சேர்ந்து மின்கிட்டாருக்கு மாற்றியது. தட்டில் ‘மரபுப் பாடல், இசை ஏற்பாடு: ஆலன் பிரைஸ்’ என்று கீபோர்டு வாசித்தவர் பெயர் மட்டும் அச்சானது. பணமும் அவருக்கு மட்டும் போனது. அந்தத் தொடக்கக் கிட்டாரை வாசித்த ஹில்டன் வாலன்டைனுக்கு அதில் பங்கில்லை. நீங்கள் ஒரு தெம்மாங்கை எடுத்தால் ‘மரபுப் பாடல்’ என்று எழுதி, ஏற்பாட்டில் எல்லார் பெயரையும் போடுங்கள். பாரதியார் வரிகளை எடுத்தால் பாடலாசிரியர் பெட்டியில் பாரதியார்தான் இருக்க வேண்டும், உங்களில் ஒருவர் அல்ல.

ஏழாம் படி: எல்லா இடத்திலும் ஒரே கணக்கைப் பதியுங்கள்

பங்குத்தாளில் இருக்கும் எண்தான் எங்கேயும் போக வேண்டும். இந்தியாவில் வரிகளுக்கும் இசைக்கும் உரிய ராயல்டியை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். சங்கம். மும்பையில் இருக்கிறது, 1969-இல் தொடங்கியது. பிரிட்டனில் இருப்பவர்கள் பி.ஆர்.எஸ்., கனடாவில் சோகன், மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் காம்பஸ். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேர வேண்டும், குழுவாக அல்ல. குழுவில் ஒருவர் சென்னையிலும் ஒருவர் டொரன்டோவிலும் இருந்தால் அவரவர் சங்கத்தில் சேரலாம், பாட்டுக்குக் கொடுக்கும் சதவீதம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். இருவர் கொடுத்த கணக்கைக் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது என்றால் பணம் நின்றுவிடும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு தொல்லை உண்டு. முதலெழுத்து முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்துக் கூட ஒரு இடத்தில் என்று போனால், கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து தாளிலேயே எழுதிவையுங்கள். சங்கத்தில் சேர்ந்ததும், படைப்பாளியை அடையாளம் காட்டும் ஐ.பி.ஐ. எண் என்று ஒன்று கிடைக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை, பாட்டு உருவான உடனேயே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்று முதல் சாட்சியாக நிற்கும். இசைப் படைப்புக்கும் வரிகளுக்கும் தலா ரூ.500 கட்டணம், இணையத்திலேயே செய்யலாம். ஒரு நிறுவனம் உங்கள் ஆல்பத்தை வாங்க வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை அந்த நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம்.

எட்டாம் படி: விலகினால் என்ன, விளம்பரத்துக்குக் கேட்டால் என்ன

குழுவை விட்டுப் போனவரின் பெயர் பழைய பாட்டுகளில் அப்படியே இருக்கும், பங்கும் இருக்கும். இதை எழுதிவையுங்கள். கோபத்தில் பெயரை எடுத்துவிடுகிற குழுக்கள் உண்டு. அது தவறு, சட்டப்படியும் தவறு.

விளம்பரத்துக்கு அனுமதி கொடுப்பது யார் என்பது அடுத்தது. டோர்ஸ் குழுவில் ஆரம்பகாலப் பாட்டுகள் எல்லாம் குழுவின் பேரில், நால்வருக்கும் சமம், முடிவும் நால்வரும் சேர்ந்து. 1968-இல் ஜிம் மாரிசன் ஊரில் இல்லாதபோது மற்ற மூவரும் ‘லைட் மை ஃபயர்’ பாட்டை ஒரு கார் விளம்பரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். திரும்பி வந்த மாரிசன் கொதித்துப் போனார். விளம்பரம் நின்றது. ஆனால் அவருக்கு மற்றவர்கள் மேல் இருந்த நம்பிக்கை பழையபடி திரும்பவில்லை. அந்தப் பாட்டைப் பெரும்பாலும் எழுதியவர் மாரிசன்கூட இல்லை, கிட்டார் வாசித்த ராபி கிரீகர். அமெரிக்கச் சட்டத்தில் கூட்டுப் படைப்பாளிகளில் ஒருவர் தனியாகவே அனுமதி கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பணத்தில் பங்கு கொடுத்தால் போதும். பிரிட்டனில் எல்லாரின் சம்மதமும் வேண்டும். எந்த நாட்டுச் சட்டம் என்று தேடுவதைவிட, ‘விளம்பரம், சினிமா, அரசியல் பிரசாரம் மூன்றுக்கும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும்’ என்று உங்கள் தாளில் ஒரு வரி எழுதுவது எளிது.

ஒன்பதாம் படி: சண்டை ஏற்கெனவே வந்துவிட்டால்

கச்சேரி நாளில் பேசாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் பேசாதீர்கள். நேரில், ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய பதிவுகளை முதலில் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே பாதி விடை அங்கே கிடைக்கும். பெயரை முதலில் பேசுங்கள், பணத்தை அப்புறம். கேட்கிறவருக்குப் பல நேரம் பெயர்தான் வலிக்கிறது. முடிவு வரும்வரை பாட்டைத் தளங்களிலிருந்து இறக்காதீர்கள், யாரும் தனியாகப் போய்ப் பதிவை மாற்றவும் வேண்டாம். சர்ச்சைக்குரிய பங்குப் பணத்தை யாரும் தொடாமல் ஒதுக்கிவைக்கலாம்.

நடுவில் ஒருவர் தேவைப்பட்டால் எல்லாரும் மதிக்கிற மூத்த இசைக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பதிப்புரிமை வழக்குகள் நடத்திய வக்கீலிடம், தாள்களோடும் பதிவுகளோடும் போங்கள். தள்ளிப்போடாதீர்கள். ஃபிஷர் 38 வருஷம் காத்திருந்து கடைசியில் ஜெயித்தார், ஆனால் அந்தக் காத்திருப்புக்காகவே இரண்டாவது நீதிமன்றத்தில் பணத்தை இழக்கப் பார்த்தார். உங்கள் மறுப்பை இன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவையுங்கள்.

எங்கள் பேஸ்காரரை நான் போய்ப் பார்த்தது அவர் விலகி ஒரு வருஷம் கழித்து. போகும்போது என் போனில் இருந்த ஒரு ஒத்திகைப் பதிவைக் கொண்டுபோனேன். நாற்பத்தியோரு வினாடி. முதல் இருபது வினாடி பேஸ் மட்டும் தனியாக ஓடுகிறது, அப்புறம் பாடகர் ‘இரு இரு, அதையே வாசி’ என்று சொல்லிவிட்டு அதன்மேல் மெட்டை முனக ஆரம்பிக்கிறார். இருவரும் சேர்ந்து இரண்டு தடவை கேட்டோம். வேறெந்த வாதமும் தேவைப்படவில்லை. பங்குத்தாளை அவர் வீட்டு மேசையில் வைத்தே எழுதினோம், மற்ற இருவரும் அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத்தின் பதிவை முதலில் மாற்றினேன், பிறகு பாட்டை ஏற்றிய சேவையில். தளங்கள் ஒவ்வொன்றாக மாற வாரக்கணக்கில் ஆனது. ஒரு தளத்தில் மட்டும் இன்னும் பழைய இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. மாதாமாதம் முதல் தேதி அவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.